வெல்டரின் கண் நிறம்

மார்ச் 4

நாத்தனாருக்கு,

நலமா என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் எழுதுவாய், அதை நான் படிக்கவேண்டி வரும். உன் எண்ணை என் போனில் முடக்கி வைத்திருப்பது உனக்குத் தெரியும். உன் குரலை இனி இந்த ஜென்மத்தில் கேட்பதில்லை என்று சொன்னேனே, அதில் மாற்றம் இல்லை. ஒரு காரியம் ஆகவேண்டியிருக்கிறது, அதனால்தான் தாளும் பேனாவும்.

பட்டறையின் டேப்லெட் போய்விட்டது. செயற்கைக் கண்ணுக்கான பிளாஸ்டிக்கை வேகவைக்கும் கொதிநீர்ச் சட்டியில் விழுந்தது. தள்ளிவிட்டது உன் அண்ணனின் முழங்கை. இடுக்கியால் தூக்கி வெளியே வைத்தபோது, "கொஞ்ச நேரம் வெயில்ல வெச்சுப் பாக்கலாமா?" என்று கேட்டார். கோழி வெந்தபின் கூவுமா என்று பார்க்கிற மனிதர்.

டேப்லெட் போனால் இன்னொன்று வாங்கலாம். வாங்கினேன். ஆனால் என் படங்கள் எல்லாம் இருக்கிற அந்தச் சேமிப்புத் தளம் என்னை உள்ளே விடவில்லை. பாஸ்வேர்டுக்குப் பதிலாக நீ வைத்த பாஸ்கீ, அந்த விரல்ரேகைச் சாவி, உள்ள கருவியைக் கொண்டு வா என்கிறது. அந்தக் கருவிதான் வெந்துவிட்டதே. இன்னொரு பாஸ்கீ உன் போனில் இருக்கிறது. என் பட்டறை, என் படங்கள், நான் தீட்டிய கண்கள். சாவி மட்டும் உன் கைப்பையில். அதே பக்கத்தில் மேலே ஒரு பட்டை ஓடுகிறது: ஏப்ரல் 30-ஆம் தேதியோடு கடையை மூடுகிறார்களாம், கோப்புகளை அதற்குள் இறக்கிக்கொள்ள வேண்டுமாம்.

மற்றப் படங்கள் போனாலும் அழுதுவிட்டு வேலையைப் பார்ப்பேன். ஒருவருடைய படங்கள் போகக்கூடாது. அவர் வெல்டர். இரும்புத் துகள் தெறித்து இடது கண் கெட்டு, எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கண்ணுக்காக என்னிடம் வந்தார். ஜோடி சேர்ப்பதற்காக வலது கண்ணைப் பல வெளிச்சங்களில், நிற அட்டையோடு படம் எடுத்தேன். இடது குழி ஆறக் காத்திருந்த நாட்களில் வலது கண்ணும் வீங்கியது. ஒரு கண்ணின் காயம் மறு கண்ணையும் கெடுப்பது அபூர்வமாக நடக்கும். இந்த மனிதருக்கு நடந்தது. அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது அவருடைய கண்ணின் நிறம் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, நீ பூட்டிவிட்டுப் போன இடத்தில்.

அவருக்கு மூன்று வயதில் ஒரு மகள். கட்டுப் போட்ட முகத்தைப் பார்த்து அவள் கிட்டவே வருவதில்லையாம். "வேற எவன் கண்ணையோ வெச்சுக்கிட்டு எம்பொண்ணு முன்னாடி நிக்க மாட்டேன். என் கண்ணு எப்படி இருந்துச்சோ அப்படியே வேணும்" என்கிறார். அவர் மனைவி கல்யாணப் படங்களை அள்ளிக்கொண்டு வந்தாள். எல்லாவற்றிலும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்.

ஆகவே திறந்துவிடு. வேறு பேச்சு வேண்டாம்.

உன் அண்ணன் மனைவி


மார்ச் 9

அண்ணி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கையால் எழுதிய உறையைப் பார்த்துத் தபால்காரர், "யாராச்சும் செத்துட்டாங்களாம்மா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

டேப்லெட்டுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். அந்தப் பட்டறையில் நான் சொன்னதைக் கேட்ட ஒரே ஜீவன் அதுதான்.

நான் பூட்டிவிட்டுப் போனேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வருவதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று ஞாபகப்படுத்தட்டுமா? பிரிட்ஜ் கதவில் காந்தத்தின் கீழ் ஒரு சீட்டு. அதில் வங்கி, மின்சாரம், பட்டறை எல்லாவற்றுக்கும் பாஸ்வேர்டு, கொட்டை எழுத்தில். தண்ணீர் கேன் போட வருகிறவருக்குக்கூட உங்கள் வங்கி பாஸ்வேர்டு மனப்பாடம். நோயாளிகளின் படங்கள் கணினியின் முகப்பிலேயே சிதறிக் கிடந்தன. யாராவது கணினியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் ஊரில் பாதிப் பேரின் கண் போயிருக்கும். பெரிய அலுவலகத்தில் ஆயிரம் பேரின் கணக்குகளைக் காப்பதுதான் என் தொழில். அந்தத் தொழிலை உங்களுக்கு இலவசமாகச் செய்தேன். பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் பெட்டகச் செயலியிலும், படங்களைச் சேமிப்புத் தளத்திலும் போட்டேன். பாஸ்வேர்டே வேண்டாம், விரலை வைத்தால் போதும் என்று பாஸ்கீ வைத்தேன். இரண்டு கருவியில் வைத்தேன். மூன்றாவதாக ஒரு சின்ன யூஎஸ்பி சாவி வாங்கிப் பீரோவில் போடுங்கள் என்றும் சொன்னேன். "இருக்கிற சாவிக்கொத்தே இடுப்பை இழுக்குது" என்றீர்கள். இப்போது எது இழுக்கிறது?

சாவி என் போனில் பத்திரமாக இருக்கிறது. திறப்பது எனக்கு ஒரு நிமிட வேலை. ஆனால் அம்மா இங்கே என் அறையில், என் கட்டிலில், சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். பெற்ற மகனின் வீட்டிலிருந்து ஒரு பையோடு கிளம்பி வந்தவள். அவளுக்கு உங்கள் கையால் ஒரு மன்னிப்பு எழுதி அனுப்புங்கள். அது வந்த மறுநாள் கதவு திறக்கும்.

வெல்டருக்காக வருந்துகிறேன். அவர் சம்பந்தப்பட்ட அவசரம் எனக்குப் புரிகிறது. உங்களுக்கும் புரிந்தால் சீக்கிரம் எழுதுவீர்கள்.

நாத்தனார்


மார்ச் 14

நாத்தனாருக்கு,

மன்னிப்பா? குதிரை குப்புறத் தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம்.

அன்று நடந்ததை உன் வசதிக்கு நீ மாற்றி வைத்திருப்பாய், ஆகவே நான் சொல்கிறேன். சாப்பாட்டு மேசையில் எட்டுப் பேர். உன் பெரியப்பா குடும்பம் முழுவதும் இருந்தது. நீ மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு என் பழைய பாஸ்வேர்டுகளை உன் பெட்டகத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாய். திடீரென்று சிரித்தாய். "எல்லாரும் கேளுங்க, அண்ணியோட பாஸ்வேர்டு!" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திப் படித்தாய். கிழவிவாய்க்குப்பூட்டு1. உன் பெரியப்பாவுக்குப் புரை ஏறியது. உன் அம்மா மட்டும் நிதானமாகக் கேட்டார்: "கடைசியில ஒண்ணு எதுக்கு? ரெண்டு, மூணெல்லாம் வேற இருக்கா?"

இருந்தன. ஐந்து வரை இருந்தன. நான் இல்லையென்று சொல்லவில்லை. ஒரே சமையலறையில் பன்னிரண்டு வருடம் நின்றவளுக்குத்தான் அந்த அருமை தெரியும். ஆனால் அது என் தலைக்குள் இருந்தது. யாருக்கும் தெரியாமல், யாரையும் நோகடிக்காமல், தினமும் பத்து முறை அடித்துவிட்டு மனம் ஆறி வேலையைப் பார்த்தேன். ரகசியத்தைக் காப்பதற்கென்று பெட்டகம் கொண்டுவந்தவள் நீ. அதைத் திறந்து நீ செய்த முதல் வேலை, உள்ளே இருந்ததை ஊரறியப் படித்தது. ஆயிரம் பேரின் கணக்கைக் காக்கிறாயாம். அந்த ஆயிரம் பேரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

உன் அம்மாவுக்கு நான் சொல்லவேண்டியது இருந்தால் அவரிடமே சொல்லிக்கொள்வேன். உன் வழியாக இல்லை.

வெல்டர் நேற்று வந்தார். வெள்ளைத் தகடுகளை இரண்டு குழியிலும் வைத்துச் சரிபார்த்தேன், பொருந்திவிட்டது. இனி நிறம் தீட்டுவதுதான் பாக்கி. காத்திருக்கும்போது தட்டில் இருந்த கண்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தடவினார். "எல்லாம் ஒரே மாதிரியில்ல இருக்கு?" என்றார். தட்டை வாங்கி மேசையில் வைத்தேன். அவர் கண் தேன் நிறம், ஓரத்தில் சாம்பல், கீழே ஒரு கறை என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் எந்தத் தேன், எவ்வளவு சாம்பல்? ஞாபகத்தை வைத்துத் தீட்டினால் அது நான் நினைத்த கண்ணாக இருக்கும், அவர் கண்ணாக இருக்காது.

விளையாடாதே. திற.

உன் அண்ணன் மனைவி


மார்ச் 20

அண்ணி அவர்களுக்கு,

நிறைய வேலை. சுருக்கமாக எழுதுகிறேன்.

திறப்பதில் தொழில்நுட்பச் சிக்கல்கள் சில உண்டு. விளக்கினாலும் உங்களுக்கு விளங்காது. பழைய கருவியை முறைப்படி நீக்காமல் புதிதைச் சேர்க்கக்கூடாது என்பது அடிப்படை. அவசரப்பட்டால் காரியம் கெடும். இதில் எனக்கிருக்கும் அனுபவத்துக்குக் கொஞ்சம் மரியாதை கொடுத்து, முதலில் நான் கேட்டதைச் செய்யுங்கள். அம்மா நேற்றும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஏப்ரல் முடிய இன்னும் நாள் இருக்கிறது.

நாத்தனார்


மார்ச் 27

நாத்தனாருக்கு,

தொழில்நுட்பச் சிக்கலா? அதன் பெயர் எனக்குத் தெரிந்துவிட்டது.

உன் அண்ணன் உன் அம்மாவின் முழங்கால் வலியை விசாரிக்கப் போன் செய்தார். வாயில்லாப் பூச்சியானாலும் அவருக்குக் காது இருக்கிறது. உன் அம்மா சொன்னாராம்: "அவளுக்கு வேலை போயி ரெண்டு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல குடுத்த போனையும் அன்னைக்கே வாங்கி, உள்ள இருந்ததையெல்லாம் அழிச்சுட்டாங்களாம். அவளோட போட்டோ, கணக்கு, சாவி எல்லாம் அதுலதானாம். வந்து ஒரே அழுகை."

ஆக, மார்ச் 9-ஆம் தேதி "சாவி என் போனில் பத்திரமாக இருக்கிறது" என்று நீ எழுதியபோது உன்னிடம் அந்தப் போனே இல்லை. இல்லாத சாவியைக் காட்டி என்னிடம் மன்னிப்பு வாங்கப் பார்த்தாய். வாங்கியிருந்தால் என்ன செய்திருப்பாய்? அடுத்து ஒரு தொழில்நுட்பச் சிக்கலா?

ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. என் பிரிட்ஜ் கதவைக் கேலி செய்தாயே, பிரிட்ஜாவது என்னுடையது. அடுத்தவன் கொடுத்த போனில் உன் சாவியையும் வைத்து என் சாவியையும் வைத்தாய். ஊரான் வீட்டு நெய்யே என்று நினைத்தாயா? அவர்கள் ஒரு பொத்தானை அமுக்கினார்கள், உன் வாழ்க்கையும் போயிற்று, என் பட்டறையும் போயிற்று. இதற்குத்தானா என் கணினியிலிருந்த படங்களையெல்லாம் "இங்கே இருந்தா ஆபத்து" என்று துடைத்துவிட்டுப் போனாய்?

வேலை போனதற்கு நான் சிரிக்கவில்லை. அந்த அளவுக்கு நான் கெட்டவள் இல்லை. பொய்க்குத்தான் காறித் துப்புகிறேன். நீ பொய்யில் கழித்த மூன்று வாரம் அந்த வெல்டரின் மூன்று வாரம்.

வேறு வழி உண்டா இல்லையா? ஒரே வரியில் பதில் போடு.

உன் அண்ணன் மனைவி


ஏப்ரல் 2

அண்ணி,

துப்பிவிட்டீர்களா? ஆறிவிட்டதா? நல்லது.

ஒன்பது வருடம் வேலை செய்த இடத்தில் ஒரு காலை வேளையில் கூப்பிட்டு, அட்டையைக் கொடு, போனைக் கொடு, லிப்ட் அந்தப் பக்கம் என்றார்கள். நான் மற்றவர்களுக்கு அப்படிச் செய்த ஏற்பாடுதான் அது. கருவியை வாங்கிய கையோடு உள்ளே இருப்பதை அழிக்கவேண்டும் என்ற விதியை எழுதியவளே நான்தான். இதை உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. உலகத்தில் வேறு யாரிடமும் அவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டேன். போதுமா? இந்தப் பத்தியை வேண்டுமானால் சட்டம் போட்டுப் பட்டறையில் மாட்டிக்கொள்ளுங்கள்.

ஒரே வரியில் பதில்: வழி உண்டு.

கணக்கைத் தொடங்கியபோது மீட்பு எண்ணாக என் சொந்த எண்ணைக் கொடுத்திருந்தேன். அந்தச் சிம் என்னுடையது; பழைய போனில் போட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் பட்டறைக் கணினியில் "கணக்கை மீட்க" என்பதை அழுத்தினால் என் எண்ணுக்கு ஆறு இலக்கம் வரும். அதைப் பட்டறைக் கணினியிலேயே அடிக்கவேண்டும். நான் இங்கிருந்து அடிக்க முடியாது. பழக்கமில்லாத கணினியை அந்தத் தளம் நம்பாது.

கவனமாகப் படியுங்கள். அந்த ஆறு இலக்கம் பத்து நிமிடம்தான் உயிரோடு இருக்கும். எழுதித் தபாலில் அனுப்பு என்று சொல்லிவிடாதீர்கள், சொல்லக்கூடியவர்தான் நீங்கள். மூன்று முறைதான் முயலலாம். மூன்றும் தவறினால் ஒரு மாதம் பூட்டிவிடுவார்கள். ஒரு மாதம் கழித்துத் திறக்க அங்கே கடையே இருக்காது.

இந்தப் பழைய போனில் செய்தி வரும், இங்கிருந்து போகாது; ஆகவே நீங்கள் என்னோடு போனில் பேசவேண்டும். அல்லது நான் அங்கே வரவேண்டும். "இந்த வாசல்படி மிதிக்காதே" என்று நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. வா என்று சொல்லாத வீட்டுக்கு நான் வரமாட்டேன். எது என்று நீங்களே சொல்லுங்கள்.

நாத்தனார்


ஏப்ரல் 7

நாத்தனாருக்கு,

இரண்டும் இல்லை. உன் அண்ணன் பேசுவார்.

உனக்கு அண்ணன், எனக்குப் புருஷன். நீ சொல்கிற ஆறு இலக்கத்தைக் கேட்டு என்னிடம் சொல்லத் தெரியாதவரா? வங்கிக்குப் போகிறார், மருந்து வாங்குகிறார், கூட்டல் கழித்தல் தெரியும். ஞாயிறு காலை பத்து மணிக்கு அவர் போன் உன்னைக் கூப்பிடும். நான் கணினி முன் உட்கார்ந்திருப்பேன். நீ எண்ணைச் சொல், அவர் எனக்குச் சொல்வார். நடுவில் வேறு பேச்சு வேண்டாம்.

நீ சொன்ன அந்தப் பத்தியைச் சட்டம் போட மாட்டேன். அதைப் படித்து எனக்குச் சந்தோஷமாகவும் இல்லை.

உன் அண்ணன் மனைவி


ஏப்ரல் 14

அண்ணி,

உங்கள் திட்டத்தின் அழகைப் பார்த்தீர்களா?

முதல் முறை ஆறு இலக்கத்தையும் சொன்னேன். அண்ணன் அழகாக எழுதிக்கொண்டான். உங்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பதற்குப் பதிலாக, "அம்மாவுக்கு முட்டி எப்படி இருக்கு? எண்ணெய் தடவுறியா?" என்று ஆரம்பித்தான். "அண்ணா, முதல்ல நம்பரைக் குடு" என்று கத்தினேன். "குடுக்குறேன், குடுக்குறேன், நீ நல்லாச் சாப்பிடுறியா?" என்றான். நான் அழுதுவிட்டேன், அது வேறு விஷயம். அவன் கொண்டுவந்து கொடுத்தபோது அது செத்த எண்.

இரண்டாம் முறை நடந்தது உங்களால். அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு உங்கள் பக்கத்திலேயே நின்றான். நீங்கள் பின்னாலிருந்து, "வேகமாச் சொல்லச் சொல்லுங்க அவளை" என்றீர்கள். எனக்குக் கேட்டது. "அவ இவன்னா வெச்சுடுவேன்னு சொல்லு" என்றேன். அவன் சொன்னான். "பெரிய மகாராணி, பேரைச் சொல்லிக் கூப்பிடணுமோன்னு கேளுங்க" என்றீர்கள். அவன் கேட்டான். நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் எனக்கும், நான் சொன்ன எல்லாவற்றையும் உங்களுக்கும் ஒரு எழுத்து விடாமல் சேர்த்தான். எண்ணை மட்டும் சேர்க்கவில்லை. அவனைத் திட்டாதீர்கள். இரண்டு மாடு முட்டுகிற இடத்தில் புல்லைக் கொண்டு நிறுத்தினால் புல் என்ன செய்யும்?

இனி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. நடுவில் ஆள் வேண்டாம். என் எண்ணின் முடக்கத்தை எடுங்கள். தேதி சொல்லுங்கள்.

நாத்தனார்


ஏப்ரல் 19

நாத்தனாருக்கு,

எடுக்கிறேன். 25-ஆம் தேதி சனிக்கிழமை, காலை பத்து மணி. நானே கூப்பிடுவேன்.

நிபந்தனைகள். ஹலோ சொல்லாதே. நலம் கேட்காதே. அறிவுரை சொல்லாதே. நான் "ஆச்சு" என்றதும் நீ எண்களை மட்டும் சொல். நானும் எண்களைத் தவிர வேறு பேச மாட்டேன். முடிந்ததும் இருவரும் வைத்துவிடுவோம்.

வெல்டரின் மனைவி நேற்று வந்து சொன்னாள்: குழந்தை இப்போது இன்னொரு அறையில்தான் தூங்குகிறதாம். அவர் ராத்திரி முழுவதும் கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பியே படுத்திருக்கிறாராம். "நிறம் வந்துடும்லக்கா?" என்று கேட்டாள். வரும் என்று சொல்லிவிட்டேன். உன்னை நம்பிச் சொல்லவில்லை. எண்ணை நம்பிச் சொன்னேன்.

உன் அண்ணன் மனைவி


ஏப்ரல் 25

அண்ணி,

போனை வைத்த கையோடு எழுதுகிறேன். கோபத்தில்தான்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தது யார்? நான் ஹலோ சொல்லவில்லை. நலம் கேட்கவில்லை. நான்கு எண்கள் சொன்னேன், ஒவ்வொன்றாக, தெளிவாக. நீங்கள் "ம்" என்றீர்கள். "ம்னா? எழுதியாச்சா இல்லையா, வாயைத் தொறந்து சொல்லுங்க" என்றேன். அது அறிவுரையா? அது கேலியா? எழுதிக்கொண்டீர்களா என்று தெரிந்தால்தானே அடுத்த எண்ணைச் சொல்ல முடியும்! அதற்கு, "என் வாயைப் பத்தி உங்க குடும்பத்துல யாரும் பேச வேண்டாம்" என்றீர்கள். அப்புறம் நான் சொன்னது தப்புத்தான், உங்கள் அப்பாவை இழுத்திருக்கக்கூடாது. ஆனால் அம்மாவை நீங்கள் இழுத்த பிறகுதான் இழுத்தேன். பன்னிரண்டு வருடக் கணக்கையும் ஒரே மூச்சில் ஆரம்பித்தது நீங்கள். நானும் விடவில்லை. மறைக்கவில்லை. திடீரென்று உங்கள் பக்கம் சத்தமே இல்லை. அப்போதுதான் என் போன் திரையைப் பார்த்தேன். நேரம் முடிந்துவிட்டது.

கடைசி இரண்டு எண்கள் என் நாக்கு நுனியில் இருந்தன, அண்ணி. இப்போதும் இருக்கின்றன.

நியாயமாகச் சொல்லுங்கள். யார் முதலில் ஆரம்பித்தது?

நாத்தனார்


மே 3

நாத்தனாருக்கு,

யார் முதலில் ஆரம்பித்தது என்று கேட்டிருக்கிறாய். கேட்டுக்கொண்டே இரு.

முப்பதாம் தேதி மாலைவரை அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். ஒன்றாம் தேதி காலை அந்த முகவரியில் எதுவும் இல்லை. பத்து வருடம் நான் பார்த்த கண்கள் எல்லாம் போயின. அவை போனது எனக்கு வலிக்கிறது என்று சொல்லக்கூட இப்போது கூச்சமாக இருக்கிறது.

வெல்டருக்கு நேற்றுக் கண் வைத்துவிட்டேன். ஞாபகத்திலிருந்துதான் தீட்டினேன். அவர் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு பூச்சாகக் காட்டினேன். "இன்னும் கொஞ்சம் கருப்பா இருக்கும்க்கா" என்றாள். கருப்பாக்கினேன். மறுநாள் வந்து, "இல்லக்கா, நேத்து இருந்ததுதான் சரியோ என்னவோ" என்றாள். மூன்றாம் நாள் அழுதாள். தினமும் பார்த்த கண்ணின் நிறம் தனக்குத் தெரியவில்லையே என்று அழுதாள். நான் தூரிகையைக் கழுவுவது போலத் திரும்பிக்கொண்டேன். கடைசியில் அவரே, "ஏதோ ஒண்ணை வைங்க. பழகிக்குவாங்க" என்றார். வைத்தேன். பார்க்கிறவர்கள் நன்றாக இருக்கிறது என்பார்கள். நல்ல வேலைதான். ஆனால் அது அவர் கண் இல்லை. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

இனி உன்னைத் திறக்கச் சொல்ல எதுவும் இல்லை. படங்களை இனி என் கணினியிலும், அதன் நகலை வங்கிப் பெட்டகத்திலும் வைக்கப்போகிறேன். யூஎஸ்பி சாவி இரண்டு வாங்கிவிட்டேன். நீ சொன்னது எல்லாம் சரிதான். உன் அறிவில் குறை இல்லை, என் கையில் குறை இல்லை. நம் இருவருக்கும் நம்மைவிட்டால் உலகத்தில் வேறு யாரும் இல்லை என்ற திமிர்தான்.

இந்தக் கடிதம் எழுதுவதற்குக் காரணம் வேறு. 25-ஆம் தேதி காலை அறையில் நான் மட்டும் இருக்கவில்லை. உனக்கு அது தெரியாது. படம் வந்தவுடன் நிறத்தைப் பார்த்து மனைவி தனக்குச் சொல்லவேண்டும் என்று வெல்டர் அவளையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எண்ணை அடிக்கக் கை வேண்டுமே என்று போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். நீ நான்கு எண்கள் சொல்லும்வரை அவர் ஒவ்வொரு எண்ணுக்கும் விரலை மடக்கினார். நாலு விரல் மடங்கியிருந்தது. அதற்குப் பிறகு நாம் பேசியதையெல்லாம் அப்படியே உட்கார்ந்து கேட்டார், மடக்கிய விரலைப் பிரிக்காமல். என் அப்பாவை, உன் அம்மாவை, மேசையை, பாஸ்வேர்டை, பன்னிரண்டு வருடத்தை, எல்லாவற்றையும். திரையில் சிவப்பு எழுத்து வந்ததைப் பார்த்துத்தான் நான் வாயை மூடினேன்.

"முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டார்.

முடிந்துவிட்டது என்றேன். அவர் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் குரலை உயர்த்தவில்லை. ஏதோ கடையில் பொருள் இல்லை என்று சொன்னதைக் கேட்டுக்கொள்வது போலத் தலையை ஆட்டினார். எழுந்து, சுவரைத் தடவி, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டார். வாசலில் நின்று சொன்னார்:

"உங்க ரெண்டு பேரு சண்டையும் எனக்கு நல்லாக் கேட்டுச்சும்மா. அந்த ரெண்டு நம்பர்தான் கேக்கல."

எனக்குச் சொன்னதோடு இது முடிந்துவிட வேண்டாம் என்று, ஒரு சொல் மாற்றாமல் உனக்கும் எழுதியிருக்கிறேன்.

அண்ணி